உள்ளே நோயாளி

சொர்ணாம்பாள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. ஆயுத பூஜைக்கு முதல் நாளே காரைக்கால் கோயில்பத்து வீட்டில் அரிவாள்மனை, கொடுவாள், மண்வெட்டி, சைக்கிள், எரியாத டார்ச் லைட் வரை எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டாள். பூஜையன்று காலையில் குளித்து, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சந்தனக் கிண்ணத்தோடு மகனுடைய பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாள்.

அந்தப் பெட்டியை இப்போது லேப்டாப் என்று குழந்தைகள்கூடச் சொல்லிவிடும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் கோயில்பத்தில் அதற்குப் பெயர் கிடையாது. மகன் கைலாசநாதன் அதைக் கம்ப்யூட்டர் என்று சொன்னபோது, சினிமாவில் வருவது ஓர் அறை முழுக்க இருக்குமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இது மடியில் வைக்கிற அளவு. மூடியைத் தூக்கினால் சாம்பல் நிறத் திரை, கீழே எழுத்துப் பொத்தான்கள். பின்பக்கத்தில் செங்கல் போன்ற ஒரு பாட்டரி. அதைக் கழற்றவும் மாட்டவும் முடியும்.

பெட்டி அவனுடையது அல்ல. பாரிசில் அவன் வேலை பார்த்த கம்பெனியுடையது. மீன்பிடிப் படகுகளுக்குச் சிறிய என்ஜின் செய்கிற கம்பெனி. மண்டபத்தூர் பக்கத்துக் கடற்கரைகளில் மீனவர்கள் என்ன மாதிரி படகு வைத்திருக்கிறார்கள், என்ஜின் கொடுத்தால் யார் பழுது பார்ப்பார்கள் என்றெல்லாம் விசாரித்து அறிக்கை எழுதி வரும்படி அவனை அனுப்பியிருந்தார்கள். ஊர்க்காரன், பேச்சு தெரிந்தவன் என்பதால் அவன். அலுவலகத்தில் இருந்த அந்த ஒரே பெட்டியை அவனிடம் கொடுத்தவர் அவனுடைய மேலதிகாரி. எல்லோரும் மதாம் என்றுதான் அழைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்து இன்னும் நிரந்தரம் ஆகாதவனிடம் அதைக் கொடுக்க வேண்டாம் என்று இரண்டு பேர் சொல்லியும் மதாம் கொடுத்தார். அதோடு, அவன் கேட்டதற்காக வேலை முடிந்து சில நாள் ஊரில் இருக்க விடுப்பும் கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான். அவன் பாரிசில் இறங்குகிற அன்று மாலை, அவர் தலைமை அலுவலகத்துக்கு ரயில் ஏறும் முன், அறிக்கை பிளாப்பித் தகட்டில் அவர் கையில் இருக்க வேண்டும். இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை.

விசாரித்த விவரங்கள் எல்லாம் பெட்டிக்குள் ஏறிவிட்டன. அறிக்கையை எழுதுவதுதான் பாக்கி. அதற்கென்று அவன் ஒதுக்கி வைத்திருந்த நாள்தான் ஆயுத பூஜை. அந்தத் தேதி என்ன நாள் என்பதை அவன் பிரெஞ்சுக் காலண்டரில் பார்த்திருந்தான். அதில் போட்டிருக்கவில்லை.

"இது புஸ்தகமா, ஆயுதமாடா?" என்று கேட்டாள் சொர்ணாம்பாள்.

"ரெண்டும்தாம்மா. நான் இன்னைக்கு இதுலதான் எழுதணும்."

"புஸ்தகமா இருந்தாலும் இன்னைக்குத் தொடக்கூடாது. ஆயுதமா இருந்தாலும் தொடக்கூடாது. ரெண்டும்னா ரெண்டு தடவ தொடக்கூடாது. நாளைக்கு எடுத்துக்க."

பெட்டி பூஜையில் உட்கார்ந்தது. மூடிக்கு ஒரு பொட்டு, பொத்தான் பலகைக்கு ஒரு பொட்டு. பின்பக்கத்துச் செங்கல் தனியாகக் கழன்று வருவதை அவள் கவனித்திருந்தாள். தனியாக வருகிற ஒன்றை விட்டுவிட்டால் குறை வைத்ததாகும். அதைக் கழற்றி, அதன் முனையில் பளபளவென்று இருந்த பித்தளைப் புள்ளிகளைப் பார்த்து, பொட்டு வைப்பதற்கென்றே செய்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தாள். ஒவ்வொன்றிலும் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, பழையபடி மாட்டினாள். மகன் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. கைலாசநாதன் பெட்டியைச் சுவரில் மின்சாரத்தோடு இணைத்து மூடியைத் திறந்தான். திரையில் வெளிச்சம் வந்தது. வந்தவர்களுக்கும் சொல்லிக்கொள்ள வேண்டியவர்களுக்கும் நடுவே அவனால் தலைப்பை மட்டும்தான் எழுத முடிந்தது. பரவாயில்லை, விமானத்தில் பகல் முழுக்க இருக்கிறது, பாட்டரி நிறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். சந்தனம் காய்ந்தால் மின்சாரத்தை விடாது என்பதும், பெட்டி சுவர் மின்சாரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அப்போது அவனுக்குத் தெரியாது. ஏற்கெனவே தீர்ந்துபோயிருந்த பாட்டரிக்குள் ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை.

பம்பாயில் காலையில் புறப்பட்ட விமானம் மேலே ஏறி நிமிர்ந்ததும் அவன் பெட்டியை மடியில் வைத்துப் பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினான். பாட்டரியைக் கழற்றினான். பக்கத்து இருக்கைவரை சந்தன வாசனை வந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் கண்ணை மூடியபடியே, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"காரைக்கால்ங்க. கோயில்பத்து."

"அதான பாத்தேன்."

அவர் பெயர் இளையபெருமாள். காரைக்காலில் பெரிய பள்ளிவாசலுக்குப் பின்தெரு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பாரிசில் இருக்கிற மகள் வீட்டுக்கு இரண்டாம் தடவையாகப் போகிறார். கைலாசநாதன் கைக்குட்டையை நனைத்துப் பித்தளைப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னான். துடைத்து மாட்டினால் ஓடிவிடுமா என்று அவர் கேட்டார். ஓடாது, உள்ளே மின்சாரம் இல்லை, ஏற்ற வேண்டும், ஆகாயத்தில் எங்கே போய் ஏற்றுவது என்றான். விவரங்கள் முழுக்கப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருப்பதையும், மாலையில் ரயிலடியில் நிற்கப்போகிற மதாமையும், போகப்போகிற வேலையையும் சொன்னான். அதிகம் பேசாதவன்தான்; பக்கத்தில் ஊர்க்காரர் என்றதும் பேசிவிட்டான்.

இளையபெருமாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கக்கூசுல ஒரு பிளக்கு இருக்கு" என்றார்.

போன தடவை போனபோது மகள் வாங்கித் தந்த மின்சார ரேசரால் அதில்தான் அவர் சவரம் செய்துகொண்டாராம். கண்ணாடிக்குக் கீழே இருக்கும். எல்லா விமானத்திலும் உண்டா என்று அவருக்குத் தெரியாது. இருவரும் கடைசியில் இருந்த கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தார்கள். இருந்தது. பெட்டியின் மின்கம்பி முனையும் அதில் பொருந்தியது. பெட்டியைக் கைகழுவும் தொட்டியின் குறுக்கே வைத்து இணைத்ததும் ஓரத்தில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு எரிந்தது. திருநள்ளாற்று விளக்கைப் பார்ப்பதுபோல இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் பெட்டியை அங்கே தனியாக விட முடியாது. யாராவது வந்து தண்ணீரைத் திறந்தால் போயிற்று. கைலாசநாதனே உள்ளே தாழிட்டுக்கொண்டு உட்காரலாம். ஆனால் அவன் நினைவில் இருக்கிற வரைக்கும் அறிக்கையைக் காகிதத்தில் எழுதி வைத்தால்தான், மின்சாரம் ஏறியதும் விவரங்களைச் சேர்த்து வேகமாக டைப் அடிக்க முடியும்.

"நீங்க போயி எழுதுங்க தம்பி. நான் காவலுக்கு நிக்கிறேன்" என்றார் இளையபெருமாள். "பட்டாளத்துல எனக்கு வேற வேலயே கெடையாது."

இது உண்மை. பட்டாளத்தில் பாதி வருஷங்கள் அவர் ராணுவ மருத்துவமனை வாசலில் காவல் நின்றவர். பிரெஞ்சில் அவருக்குச் சரளமாக வந்ததும் அந்த வாசலில் சொல்ல வேண்டிய சொற்கள்தான். முதல் ஆளாக ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வந்து கதவுப் பிடியில் கை வைத்ததும், அவர் நிமிர்ந்து நின்று, பழக்கத்தில், "மலாத் தெதான்" என்றார். உள்ளே நோயாளி என்று அர்த்தம். பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த நிலையில் நின்றால் அவர் வாயில் அந்த வார்த்தைதான் வரும்.

அந்தப் பாட்டி வருத்தத்தோடு தலையாட்டிவிட்டு முன்பக்கத்துக் கழிப்பறைக்குப் போனார். திரும்பும்போது ஓர் ஆரஞ்சுப் பழத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு செய்தி பரவியது. பின்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் முன்பக்கத்துக்கு நடந்தார்கள். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒருவர் வயிற்றுவலிக்கு மாத்திரை கொண்டு வந்தார். ஒருவர் கொலோன் தண்ணீர்ப் புட்டி கொடுத்தார். ஒரு பெண் தன் மடிமேல் இருந்த கம்பளியை மடித்துக் கொண்டுவந்தாள். இளையபெருமாளுக்கு அவர்கள் பேசியது பாதிதான் புரிந்தது. கொடுப்பதை மறுத்தால் மரியாதை இல்லை என்று வாங்கி வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். காரைக்காலிலிருந்து பாரிசில் இருக்கும் கணவனிடம் போய்க்கொண்டிருந்த மெஹர் பானு, இடுப்பில் குழந்தையோடு வந்து, ஒரு பொட்டலம் இஞ்சி மரப்பாவை நீட்டினாள்.

"உள்ள உங்க வீட்டம்மாங்களா? பித்தமா இருக்கும். இத வாயில அடக்கிக்கச் சொல்லுங்க. நான் துவா கேக்குறேன்."

தமிழில் கேட்கப்பட்ட கேள்விக்குத் தமிழில் பதில் சொல்லியாக வேண்டும். இளையபெருமாள் வாயைத் திறந்தார். அந்த நேரத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். மார்பு வரை தாடி. கையில் தோல் பை. பின்னாலேயே விமானப் பணிப்பெண்.

தான் மருத்துவர் என்று சொன்ன அந்தத் தாடிக்காரர், எவ்வளவு நேரமாக உள்ளே இருக்கிறார், பேச்சு மூச்சு இருக்கிறதா என்று கேட்டார். இளையபெருமாள் கக்கத்தில் கம்பளியும் கையில் ஆரஞ்சுமாக நின்றார். பணிப்பெண் கதவைத் தட்டினாள். பதில் இல்லை. கதவு தாழிடப்படாமல்தான் இருந்தது. திறந்தாள்.

தொட்டியின் குறுக்கே பெட்டி கிடந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியில் சொர்ணாம்பாள் வைத்த பொட்டு இன்னும் அழியவில்லை.

மருத்துவர் குனிந்து பார்த்தார். மெஹர் பானு அவருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கம்ப்யூட்டருக்கு இஞ்சி மரப்பா குடுத்த மொத ஆளு நான்தான் போலருக்கு" என்றாள்.

கைலாசநாதன் ஓடி வந்தான். பணிப்பெண்ணிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னான். பூஜையைச் சொன்னான், சந்தனத்தைச் சொன்னான், ரயிலடியைச் சொன்னான். அவள் கெட்டவள் அல்ல. பொறுமையாகக் கேட்டாள். பிறகு பிளக்குக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். சவரத்துக்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேறு எதற்கும் அதைக் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மன்னிக்க வேண்டும், எடுத்துவிடுங்கள் என்றாள். மின்சாரம் கால்வாசிகூட ஏறியிருக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு விவரங்களைத் திறந்து பார்க்கலாம். அறிக்கையை அடிக்க முடியாது.

இளையபெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். "நான் வாயத் தொறக்காம நின்னுருந்தா ஒரு மணி நேரத்துக்கு யாரும் கதவத் தொறந்துருக்க மாட்டாங்க. நான்தான் தம்பி கெடுத்தேன்."

கைலாசநாதனுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்கலாம். வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வெயிலில் நிற்கிற சிப்பாய்போல அவர் நின்ற நிலையைப் பார்த்து, "நீங்க நிக்கலன்னா இந்தக் காவாசியும் ஏறியிருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு, பிளக்கிலிருந்து கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

மருத்துவர் அவன் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிடம்" என்றார். பிறகு பணிப்பெண்ணிடம் திரும்பி, "நான் சவரம் செய்துகொள்ள வேண்டும்" என்றார்.

பணிப்பெண் அவருடைய தாடியைப் பார்த்தாள். தாடை தெரியாத தாடி அது. எத்தனை வருஷத்துத் தாடி என்று அவருக்கே நினைவிருக்குமோ என்னவோ.

"எவ்வளவு நேரம் ஆகும், ஐயா?" என்று கேட்டாள்.

"நீங்களே பார்க்கிறீர்களே. ஒரு மணி நேரமாவது ஆகும்."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். சவரத்துக்கு வருகிற பயணிகளுக்குப் பிளக்கை மறுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றாள். மருத்துவர் தோல் பையோடு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

அவர் சொன்னது பொய்தான். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் கடவுள் அன்றைக்கு அந்த விமானத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நடுவில் விமானம் காற்றில் மாட்டிக் குலுங்கியது. எல்லோரும் இருக்கைக்குத் திரும்பி வார்ப்பட்டையை மாட்டச் சொல்லி அறிவித்தார்கள். மருத்துவர் வரவில்லை. பெட்டி சரியாமல் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டிருக்கிறேன், விட முடியாது என்று உள்ளேயிருந்தே சொன்னாராம். குலுக்கல் நின்றதும் பணிப்பெண் கதவைத் தட்டி, சவரம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டு, அவர் சற்றே திறந்த கதவின் இடுக்கு வழியாக ஒரு குவளை காப்பியை நீட்டினாள். இளையபெருமாள் அதற்குள் வாங்கியவற்றை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க நடையில் போய்வந்துகொண்டிருந்தார். நோயாளி யார் என்பதையும் அவருக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். கம்பளியையும் கொலோனையும் மாத்திரையையும் வாங்கிக்கொண்டார்கள். பாட்டி மட்டும் ஆரஞ்சை வாங்க மறுத்துவிட்டார். நோயாளி இல்லாவிட்டால் காவல்காரர் சாப்பிடட்டும் என்றார். மெஹர் பானுவும் மரப்பாவை வாங்கவில்லை. துவா கேட்டது கேட்டதுதான், பொட்டிக்கே போகட்டும் என்றாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேலேயே கழித்து மருத்துவர் வெளியே வந்தார். தாடி அப்படியே இருந்தது. பணிப்பெண் அவரைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது, ஐயா" என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைக் கைலாசநாதனின் மடியில் வைத்து, தன் இருக்கைக்குப் போய்த் தூங்கிவிட்டார்.

கைலாசநாதன் அறிக்கையை அடித்தான். கையால் எழுதியதில் பாதியை வெட்டினான், ஏனென்றால் மின்சாரம் நீண்ட வாக்கியங்களுக்குப் போதாது. மண்டபத்தூரில் என்ஜினைவிட முதலில் வேண்டியது அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆள் என்று எழுதினான். நேரம் இருந்திருந்தால் அதைச் சுற்றி வளைத்து மூன்று பக்கத்தில் எழுதியிருப்பான். அவன் அடிக்க அடிக்க இளையபெருமாள் ஓரத்து விளக்கைக் கவனித்துக்கொண்டிருந்தார். அது மினுக்கத் தொடங்கியதும், "தம்பி" என்று மட்டும் சொன்னார். கைலாசநாதன் கடைசிப் பக்கத்தை முடித்து, பிளாப்பியில் ஏற்றி, வெளியே உருவினான். கீழே பாரிசின் கூரைகள் தெரியும்போது திரை தானாக அணைந்தது.

மதாம் ரயிலடியில் நின்றிருந்தார். பிளாப்பியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். ரயில் ஏறினார். ரயில் புறப்பட்டுவிட்டது.

அந்த வாரக் கடைசியில் அவர் திரும்பி வந்து அவனை அறைக்கு அழைத்தார். மேசைமேல் அச்சடித்த அறிக்கை இருந்தது. கடைசிப் பக்கம் திறந்திருந்தது. அந்தக் கம்பெனியின் அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் உதவியவர்களுக்கு நன்றி சொல்வது வழக்கம். பொதுவாக அதிகாரிகளின் பெயர்களாக இருக்கும். மதாம் அதை வாசித்தார்.

"இளையபெருமாள். மெஹர் பானு. ஆரஞ்சு கொடுத்த அம்மையார். பணிப்பெண். பெயர் தெரியாத, தாடி வைத்த மருத்துவர். இவர்களில் மீனவர்கள் யார்?"

"யாரும் இல்லை, மதாம்."

"பிறகு இவர்கள் செய்த உதவி என்ன?"

கைலாசநாதன் தொடக்கத்திலிருந்து சொன்னான். சந்தனத்தைக்கூட விடவில்லை. கம்பெனிப் பெட்டியைக் கழிப்பறையில் வைத்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. அலுவலகத்தில் மதாம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அன்றும் அவர் சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உள்ளே நோயாளி என்று நினைத்தபோது எல்லோரும் உதவினார்கள். அது எனக்குப் புரிகிறது. நோயாளி இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த மருத்துவர் ஏன் நின்றார்?"

"நான் கேட்கவில்லை, மதாம்."

"ஏன் கேட்கவில்லை?"

"பணிப்பெண் பக்கத்தில் இருந்தாள். கேட்டிருந்தால் அவர் நிஜமாகவே சவரம் செய்ய வேண்டி வந்திருக்கும்."

மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தார். பேனாவை எடுத்தார். கைலாசநாதன் அந்தப் பெயர்கள் அடித்து நீக்கப்படுவதைப் பார்க்க வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் பார்த்தான். பேனா சத்தம் நின்ற பிறகு திரும்பினான். பெயர்கள் அப்படியே இருந்தன. அவற்றுக்குக் கீழே அறிக்கையை ஏற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்திட்டிருந்தார். அதற்கடுத்து, மேசை ஓரத்தில் வேறு ஏதோ கடிதங்களுக்கு நடுவில் கிடந்த அவனுடைய நிரந்தர நியமன உத்தரவை இழுத்து, அதிலும் ஒரு கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த பயணத்துக்கு இரண்டு பாட்டரி வாங்கச் சொல்கிறேன்" என்றார். "உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். ஒன்றுக்குப் பொட்டு வைக்கட்டும்."